கஸ்திலியோனே தேவாலயத்தில் தண்ணீர் கொடுத்தவர்

செஞ்சிலுவை அடையாளத்தைத் தெரியாத வீடு எங்கள் பகுதிகளில் இல்லை. வெள்ளை வாகனத்தில் பறந்த கொடியாக, தடுப்பு முகாமிலிருந்து வந்த கடிதத்தின் மூலையில் அச்சிட்ட குறியாக, காயக்காரரை ஏற்றப் புதுமாத்தளன் கடலில் வந்து நின்ற கப்பலாக அதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனால் அதைத் தொடங்கி வைத்த மனிதரைப் பற்றிக் கேட்டால், பொது அறிவுப் புத்தகத்தின் ஒரு வரிதான் பலருக்கும் நினைவுக்கு வரும்: சமாதானத்துக்கான முதலாவது நோபல் பரிசைப் பெற்றவர்களில் ஒருவர், ஹென்றி டியூனான்ட். நானும் பரீட்சைக்காக அந்த வரியை மனப்பாடம் செய்தவன்தான். அவருடைய வாழ்க்கையைப் பின்னாளில் ஆறுதலாக வாசித்தபோது, பரிசு பெற்ற கதையைவிட அவர் எலுமிச்சம்பழம் வாங்க ஆளனுப்பிய கதைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

டியூனான்ட் 1828 மே 8ஆம் திகதி ஜெனீவாவில் பிறந்தார். அந்தத் திகதியைத்தான் இன்று உலக செஞ்சிலுவை தினமாகக் கொண்டாடுகிறார்கள். வசதியான, பக்தியான புரட்டஸ்தாந்துக் குடும்பம். தந்தை அநாதைப் பிள்ளைகளுக்கும் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கும் உதவும் வேலைகளில் ஈடுபட்டவர். தாய் ஏழைகளையும் நோயாளிகளையும் வீடு தேடிப் போய்ப் பார்ப்பவர். சிறுவயதில் தந்தையோடு பிரான்ஸின் துலோன் நகரத்துக்குப் போன டியூனான்ட், அங்கே சங்கிலியிட்டு வேலை வாங்கப்பட்ட கைதிகளைக் கண்டு கலங்கிப்போனார் என்று சொல்வார்கள். பதினெட்டு வயதில் தருமம் செய்யும் சங்கமொன்றில் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெனீவாச் சிறைக்குப் போய்க் கைதிகளுக்கு வாசித்துக் காட்டுவார். படிப்பு மட்டும் ஓடவில்லை. புள்ளிகள் குறைந்து கல்லூரியை விட்டு விலகி, வங்கித் தொழில் பழகப் போனார்.

இதுவரை இது ஒரு நல்ல பிள்ளையின் கதை. அடுத்த பகுதி அவ்வளவு அழகானது அல்ல. அதை மறைத்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

வங்கி வேலைக்காக 1853இல் அவர் அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டார். அது அப்போது பிரான்ஸின் பிடியில் இருந்த நாடு. ஊர்ச் சனத்திடமிருந்து பறிக்கப்பட்ட நிலங்கள் குடியேற்றக்காரருக்கும் கம்பனிகளுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டுக்கொண்டிருந்தன. டியூனான்ட்டும் அங்கே நிலம் பெற்றார். மா ஆலைகளை நடத்த ஒரு கம்பனி தொடங்கினார். ஜெனீவாவில் இருந்த உறவினர், நண்பர்களின் பணமும் அதில் போடப்பட்டது. ஆனால் ஆலைக்கு வேண்டிய தண்ணீர் உரிமையும் மேலதிக நிலமும் கிடைக்கவில்லை. அதிகாரிகள் இழுத்தடித்தார்கள். கந்தோர் கந்தோராக அலைந்து களைத்தவர், பேரரசர் மூன்றாம் நெப்போலியனை நேரிலே கண்டு மனுக் கொடுப்பது என்று முடிவெடுத்தார். பேரரசரை வானளாவப் புகழ்ந்து ஒரு புத்தகமும் எழுதி அச்சிட்டு எடுத்துக்கொண்டார்.

பேரரசர் அந்த நேரம் வட இத்தாலியில் போர்க்களத்தில் நின்றார். பிரான்ஸும் சார்டீனியாவும் ஒரு பக்கம், ஒஸ்திரியா மறுபக்கம். தொழில் விடயமாகப் பேரரசரைத் தேடிக்கொண்டு, வெள்ளை உடுப்போடு, வண்டியில் ஏறிப் போன ஒரு வியாபாரிதான் போர் முடிந்த மாலையில் அந்த இடத்தில் போய் இறங்கினார். தருமம் செய்ய வேண்டுமென்று அவர் அங்கே போகவில்லை. இது அவரைச் சிறுமைப்படுத்தும் செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை. நாங்கள் கண்ட உதவிகளில் பலவும் அப்படித்தான் நடந்தன. வேறு அலுவலாகப் போனவர்கள் வழியில் நின்று கைகொடுத்தார்கள்.

1859 ஜூன் 24. சொல்பெரினோ என்ற ஊரைச் சுற்றி விடியற்காலையிலிருந்து பின்னேரம் வரை சண்டை நடந்தது. கொல்லப்பட்டோரும் காயப்பட்டோருமாக இரு பக்கத்திலும் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர். காயப்பட்டவர்கள் வண்டிகளிலும் கோவேறு கழுதைகளிலும் அருகிலிருந்த கஸ்திலியோனே என்ற சிறு பட்டணத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். வைத்தியசாலை நிரம்பியது. பிறகு தேவாலயங்கள், மடங்கள், படைமுகாம்கள், வீடுகள். கடைசியில் தெருவோரத்தில் வைக்கோலைப் பரப்பிக் கிடத்தினார்கள். படைகளின் வைத்தியர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய தொகையினர்.

இந்த இடத்தில் டியூனான்ட் கவனித்த விடயம் மிக முக்கியமானது. ஊரில் தண்ணீர் இல்லாமல் இல்லை. சாப்பாடு இல்லாமல் இல்லை. அவற்றைக் கொண்டுபோய் வாயில் வைக்க ஆள் இல்லை. தாகத்தால் செத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கிணற்றுக்கும் இடையில் இருந்த தூரம் சில யார்கள் மட்டுமே.

மாதிரிக்கு, அவர் பெரும்பாலும் நின்ற பெரிய தேவாலயத்தில் மட்டும் ஐந்நூறு பேர் வரை நெருக்கியடித்துக் கிடந்தார்கள். வெளியே வைக்கோலில் இன்னும் நூறு பேர். ஊர்ப் பெண்களைச் சேர்த்தார். சிலர் தண்ணீர் கொடுத்தார்கள், சிலர் காயங்களைக் கழுவினார்கள், சிலர் துணியைக் கிழித்துக் கட்டினார்கள். சின்னப் பெடியன்கள் வாளிகளில் கிணற்றுக்கும் தேவாலயத்துக்கும் ஓடித் திரிந்தார்கள். தன்னுடைய வண்டிச் சாரதியைப் பிரேசியா நகருக்கு அனுப்பி எலுமிச்சம்பழம், சீனி, மூலிகைகள், சேர்ட்டுகள், கடற்பஞ்சு, ஊசி, புகையிலை எல்லாம் வாங்குவித்தார். புகையிலைக்குக் காரணம் இருந்தது. அழுகிய காயங்களின் நாற்றத்தைப் புகை கொஞ்சம் அடக்கியது, அதோடு கால் வெட்டப்படக் காத்திருந்தவனுக்கு அது ஒரு சின்ன ஆறுதல்.

அந்தப் பெண்கள் யாருக்குக் கட்டுப்போட்டார்கள் என்பது இன்னும் பெரிய விடயம். ஒஸ்திரியர்கள் அந்தப் பகுதி இத்தாலியர்களுக்கு எதிரிகள். முதல் நாள் வரை ஆதிக்கம் செலுத்திய படை. காயப்பட்ட ஒஸ்திரியனுக்குத் தண்ணீர் கொடுப்பதா என்று முதலில் தயங்கியவர்களும் இருந்திருப்பார்கள். டியூனான்ட் எந்த வேறுபாடும் காட்டாமல் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவதைக் கண்டு அவர்களும் அப்படியே செய்தார்கள். எல்லாரும் சகோதரர்கள் என்று அந்தப் பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டதை அவர் பின்பு எழுதி வைத்தார். அந்தப் பெண்களின் பெயர்களில் அநேகமானவை எங்கும் பதியப்படவில்லை.

அவர்களைத் தேவதைகளாக்கவும் வேண்டியதில்லை. ஒரு கட்டத்தில் ஒஸ்திரியப் படை திரும்பி வருகிறது என்று வதந்தி பரவியது. ஊர் கதிகலங்கியது. கதவுகளை அடைத்தார்கள், வெற்றிக்காகத் தொங்கவிட்ட கொடிகளை அவிழ்த்தார்கள். சிலர் திடீரென்று காயப்பட்ட ஒஸ்திரியர்களைத் தேடிப் பிடித்து விழுந்து விழுந்து உபசரித்தார்களாம். நாளைக்கு யார் கையில் ஊர் இருக்குமோ என்ற பயம். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. படைகள் மாறி மாறி வந்துபோன ஊர்களில் இருந்த எவருக்கும் அந்த மனிதர்களைப் புரியும்.

வழிப்போக்கர்களும் உதவினார்கள். நெவ்சாத்தலிலிருந்து வந்த ஒரு சுவிஸ் வியாபாரி இரண்டு நாட்கள் தங்கிக் காயங்களுக்குக் கட்டுப்போட்டார், சாகிறவர்களுக்காகக் கடிதம் எழுதினார். ஒரு பெல்ஜியக்காரர் பார்த்த காட்சிகளில் நொந்து தானே நோயாளியாகிவிடுவாரோ என்று மற்றவர்கள் பயந்தார்கள். எல்லாருடைய மனமும் ஒரே அளவு தாங்காது. புதுமாத்தளனில் பள்ளிக்கூடக் கட்டடத்தில் இயங்கிய வைத்தியசாலையில் நானும் இரண்டு வகை மனிதரையும் கண்டேன். தன் பிள்ளையைக் கிடத்திவிட்டு, அடுத்த பாயில் ஆளில்லாமல் கிடந்த பெடியனுக்கும் சேர்த்துத் தேத்தண்ணி பருக்கிய தாய் ஒருத்தி அங்கே இருந்தாள். அந்தப் பெடியன் யார், எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று அவள் கேட்டதை நான் பார்க்கவில்லை.

கடிதங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லியோன் நகரத்து இளம் கோப்ரல் ஒருவன் அந்தத் தேவாலயத்தில் டியூனான்ட்டின் கண்முன் இறந்துகொண்டிருந்தான். பெற்றோருக்கு ஒரே மகன். அவன் கேட்டபடி தகப்பனுக்கு எழுத அவர் விலாசத்தைக் குறித்துக்கொண்டார். அந்தப் பெற்றோருக்கு மகனைப் பற்றிக் கிடைத்த ஒரே செய்தி டியூனான்ட் அனுப்பியதுதான். படையின் பதிவேட்டில் அவன் பெரும்பாலும் காணாமற்போனவனாகத்தான் குறிக்கப்பட்டிருப்பான் என்று அவர் கருதினார்.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி முதல் தெருவோரத்தில் இருக்கத் தொடங்கிய தாய்மாரை நினைக்காமல் என்னால் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. மகன் செத்துவிட்டான் என்ற செய்தியை ஒருவர் கைப்பட எழுதி அனுப்புவது எப்படிப்பட்ட தருமம் என்பதை, அது கிடைக்காதவர்களிடம்தான் கேட்க வேண்டும். காணாமற்போனவர்களைத் தேடுவதும் பிரிந்த குடும்பங்களுக்கிடையே செய்தி கொண்டுபோவதும் 1870இலிருந்து செஞ்சிலுவையின் நிரந்தர வேலைகளில் ஒன்றானது. எங்கள் கைகளுக்கு வந்த கடிதங்கள் அந்த வழியில் வந்தவைதான்.

சில நாட்கள் அங்கே நின்ற டியூனான்ட், சிறைப்பிடிக்கப்பட்டிருந்த ஒஸ்திரிய வைத்தியர்களை விடுவித்துக் காயக்காரரைப் பார்க்க விட வேண்டும் என்றும் பிரெஞ்சுத் தரப்பிடம் கேட்டார். அதற்கு இணங்கினார்கள். அவர் தேடிப்போன தண்ணீர் உரிமை மட்டும் கிடைக்கவில்லை.

ஜெனீவா திரும்பியும் அந்த நாட்கள் அவரை விடவில்லை. 1862இல் சொல்பெரினோ நினைவுகள் என்ற சிறு புத்தகத்தைத் தன் செலவில் 1,600 பிரதிகள் அச்சிட்டு, ஐரோப்பாவின் அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் பிரபலங்களுக்கும் அனுப்பினார். அதில் கேட்டது இரண்டு விடயங்கள். சமாதான காலத்திலேயே ஒவ்வொரு நாட்டிலும் தொண்டர்களைப் பழக்கி வைக்க வேண்டும். காயக்காரரையும் அவர்களுக்கு உதவுகிறவர்களையும் எந்தப் படையும் தொடக்கூடாது என்று நாடுகள் உடன்பட வேண்டும். 1863 பெப்ரவரியில் ஐந்து பேர் கொண்ட குழு அமைந்தது: சட்டத்தரணி குஸ்தாவ் முவானியே, ஜெனரல் டுபூர், வைத்தியர்கள் அப்பியா, மோனுவார், டியூனான்ட். 1864 ஓகஸ்ட் 22ஆம் திகதி பன்னிரண்டு நாடுகள் முதலாவது ஜெனீவா உடன்படிக்கையில் கையொப்பமிட்டன.

பத்தே பத்து உறுப்புரைகள் கொண்ட அந்த உடன்படிக்கையின் ஐந்தாவது உறுப்புரை சாதாரண சனத்தைப் பற்றியது. காயக்காரருக்கு உதவும் ஊரவர் மதிக்கப்பட வேண்டும், அவர்கள் சுதந்திரமாக விடப்பட வேண்டும். காயப்பட்ட ஒருவனை ஏற்றுப் பராமரிக்கும் வீட்டுக்குப் பாதுகாப்பு உண்டு. கஸ்திலியோனே பெண்கள் துணி கிழித்த வேலைதான் இங்கே சட்டமாகி நிற்கிறது என்று நான் வாசிக்கிறேன்.

சட்டம் எழுதப்பட்டது என்பதற்காக அது காப்பாற்றப்பட்டது என்று எழுத எனக்குக் கை வராது. 1987 ஒக்ரோபரில் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் நடந்ததை நாங்கள் மறக்கவில்லை. பின்னர் 1990இல் செஞ்சிலுவைக் குழுவின் முயற்சியால் அதே வைத்தியசாலை பாதுகாக்கப்பட்ட வலயமானது, அது பல உயிர்களைக் காத்தது. 2009இல் வன்னியில் வைத்தியசாலைகள் எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளானதை 2011இல் வெளிவந்த ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை பதிந்து வைத்திருக்கிறது. அதே மாதங்களில்தான், பெப்ரவரி தொடக்கம் மே முற்பகுதி வரை, கரையிலிருந்து சிறு வள்ளங்களில் ஏற்றிய காயக்காரர் ஆயிரக்கணக்கில் கப்பலில் திருகோணமலை போய்ச் சேர்ந்தார்கள். கூரைக் குறி எல்லா நேரமும் காக்கவில்லை. கப்பல் வந்தது. இரண்டும் உண்மை.

டியூனான்ட்டின் வாழ்க்கை இதற்குப் பிறகு கீழ்நோக்கிப் போகிறது. ஊருக்கு ஓடித் திரிந்த காலத்தில் தொழிலைக் கவனிக்கவில்லை. அல்ஜீரியக் கம்பனி படுத்தது, அதோடு தொடர்புபட்ட ஜெனீவா வங்கியும் 1867இல் விழுந்தது. அவர் வங்குரோத்தானார். கடன் ஏறத்தாழ ஒரு மில்லியன் பிராங். நண்பர்களும் உறவினர்களும் பணத்தை இழந்தார்கள். அடுத்த ஆண்டு நீதிமன்றமும் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. கடன்பட்டு நொடித்தவனை மன்னிக்காத ஊர் ஜெனீவா. தான் தொடங்கிய குழுவிலிருந்தே விலக வைக்கப்பட்டார். முவானியே அவருக்கு எந்தப் பக்கத்தாலும் உதவி வராதபடி பார்த்துக்கொண்டார் என்பதே பலரின் கணிப்பு. முவானியே நிர்வாகத்தில் கெட்டிக்காரர், அவர் இல்லாமல் செஞ்சிலுவை நின்றுபிடித்திருக்காது. ஆனால் கூட வேலை செய்த மனிதன் தெருவில் நின்றபோது அவர் காட்டிய கடுமையை என்னால் ஏற்க முடியவில்லை. பணம் இழந்தவர்களின் கோபம் வேறு, அது நியாயம்.

ஊரை விட்டுப் போன டியூனான்ட் பிறகு ஜெனீவா மண்ணை மிதிக்கவேயில்லை. பரிஸில் ஒருநேரச் சாப்பாட்டோடு கிடந்தார். புகையிரத நிலையத்தில் இரவைக் கழித்தார். நைந்துபோன கறுத்தக் கோட்டுக்கு மை பூசினார், சேர்ட் கழுத்துப்பட்டிக்குச் சோக்கட்டி தேய்த்து வெள்ளையாக்கினார். அந்த நிலையிலும் 1870இல் பிரான்ஸ்-பிரஷ்யப் போர் வந்தபோது காயக்காரருக்கான வேலைகளில் இறங்கினார், பின்னர் போர்க்கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்பதற்காகவும் பேசித் திரிந்தார். கையில் இருந்தால்தான் கொடுக்கலாம் என்பவர்களுக்கு அந்த ஆண்டுகளைக் காட்டலாம்.

நாடு நாடாக அலைந்து, நோயாளியாகி, 1887இல் சுவிஸின் வடகிழக்கே, போடன் ஏரியைப் பார்த்தபடி மேட்டில் இருக்கும் ஹைடன் என்ற கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. பார்ப்பவர்களுக்கு இன்னும் முதிர்ந்த கிழவர். உறவினர் அனுப்பிய சிறு தொகையில் ஒரு விடுதியில் தங்கினார். ஹைடனில் வைத்தியர் அல்தேர் அவரைப் பார்த்துக்கொண்டார். சொன்டெரெக்கர் என்ற ஆசிரியரும் மனைவியும் சிநேகமானார்கள். 1892இல் அல்தேரின் வைத்தியசாலையிலேயே ஓர் அறை கொடுத்தார்கள். சாகும் வரை பதினெட்டு ஆண்டுகள் அந்த அறைதான் அவருக்கு வீடு.

அவர் இலகுவான ஆளாக இருக்கவில்லை. எதிரிகள் துரத்துகிறார்கள், கடன்காரர் வருகிறார்கள் என்ற பயம் அவரை விடவில்லை. சாப்பாட்டில் நஞ்சு இருக்குமோ என்று சந்தேகித்தார். சொன்டெரெக்கரோடும் கடைசியில் முறித்துக்கொண்டார். இப்படிப்பட்ட ஒருவருக்கு ஒருநாள் இரண்டு நாளல்ல, பதினெட்டு வருடம் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்த வைத்தியரையும் தாதிமாரையும் பற்றி உலகத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? போரால் மனம் உடைந்து, கோபமும் சந்தேகமுமாகத் திரிகிற ஒருவரை வீட்டில் வைத்துப் பார்க்கிற குடும்பங்கள் எங்கள் ஊர்களில் நிறைய. அவர்களுக்கு இந்தப் பகுதி விளக்கம் இல்லாமலே விளங்கும்.

செஞ்சிலுவையைத் தொடங்கியவர் செத்துப்போய்விட்டார் என்றே பலர் நினைத்திருந்தார்கள். 1895இல் பவும்பேர்கர் என்ற பத்திரிகையாளர் ஹைடனுக்குப் போய் அவரைக் கண்டு எழுதினார். அந்தக் கட்டுரை ஐரோப்பா முழுவதும் பரவியது. கடிதங்கள் வந்தன, உதவிகள் வந்தன. 1901இல் முதலாவது நோபல் சமாதானப் பரிசு அவருக்கும் பிரெஞ்சு சமாதானவாதி பிரெடெரிக் பாசிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவரைத் தள்ளிவைத்த செஞ்சிலுவைக் குழுவும் வாழ்த்து அனுப்பியது.

பரிசுப் பணத்தைக் கடன்காரர் கைவைக்காதபடி நண்பர் ஒருவர் நோர்வே வங்கியில் போட்டு வைத்தார். டியூனான்ட் அதைத் தனக்காகத் தொடவில்லை. அதே அறை, அதே கட்டில். 1910 ஒக்ரோபர் 30ஆம் திகதி இறந்தார். எந்தச் சடங்கும் ஊர்வலமும் வேண்டாம் என்று கேட்டிருந்தபடி சூரிச்சின் சில்பெல்ட் மயானத்தில் ஆரவாரமில்லாமல் அடக்கம் செய்தார்கள். எங்கள் சனம் நிறைய வாழும் நகரம் அது. அங்கே இருப்பவர்கள் ஒருநாள் போய்ப் பார்க்கலாம். கல்லறைக்கு மேல் பின்னாளில் வைத்த சிற்பத்தில், முழந்தாளிட்ட ஒருவர் விழுந்து கிடப்பவனுக்குத் தண்ணீர் பருக்குகிறார்.

உயிலில் தன்னைப் பராமரித்தவர்களுக்குக் கொஞ்சப் பணம் எழுதியிருந்தார். நோர்வேயிலும் சுவிஸிலும் தரும வேலைகளுக்கு ஒரு பகுதி. இன்னொரு தொகை ஹைடன் வைத்தியசாலைக்கு: காசு கட்ட முடியாத ஊர் ஏழை நோயாளிக்காக அங்கே எப்போதும் ஒரு கட்டில் இலவசமாக இருக்க வேண்டும் என்று.